குடைக்காரர் குடைக்காரர் வேஷம் கட்டிய கதை

தரச் சான்று வாரியத்தில் ஒருவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் அவர் வேஷம் கட்டியாக வேண்டும். பேச்சுக்குச் சொல்வதல்ல இது. முகமூடி, வால், கிரீடம் எல்லாம் வைத்துக் கட்டுகிற நிஜமான வேஷம். வருஷத்துக்கு ஒரு முறை வாரியத்தின் பெரிய கூடத்தில் மாறுவேடக் கொண்டாட்டம் நடக்கும். காகிதத் தோரணம், பலூன், மேளம், விருந்து என்று அன்றைக்கு ஒரே அமர்க்களம். நிரந்தர உத்தரவை அந்த மேடையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். வேஷம் இல்லாதவர் வாசலைத் தாண்ட முடியாது. வாசலைத் தாண்டாதவருக்கு உத்தரவு கிடையாது. ஏன் இப்படி என்று கேட்ட ஆசாமிகள் ஆரம்ப காலத்தில் சிலர் இருந்தார்களாம். அவர்கள் யாரும் இப்போது வாரியத்தில் இல்லை.

குடைக்காரர் பல வருஷமாக அங்கே தற்காலிகம். கடைக்குப் போகிற குடை எதுவானாலும் வாரியத்தின் சான்று வாங்கித்தான் போக வேண்டும். அதற்காகத் தண்ணீர்ப் பிரிவில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, அதற்கு மேலே ஒரு பெரிய ஷவரை மாட்டியிருந்தார்கள். காலையில் வந்ததும் குடையை விரித்துக்கொண்டு குடைக்காரர் அதற்கடியில் நிற்பார். அண்ணாந்து பார்ப்பார். ஒழுகாவிட்டால் பச்சைச் சீட்டு, ஒழுகினால் சிவப்புச் சீட்டு. கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அடுத்த குடையை எடுப்பார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டை பிழிகிற பதத்தில் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட மாற்றிக் கட்டியதில்லை என்று உள்ளூர அவருக்கு ஒரு பெருமை உண்டு. பாவம், வேறு பெருமை எதுவும் அவரிடம் இல்லை.

நாளெல்லாம் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டிலும் அதே வேலைதான். ஒற்றை அறை. வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே. மழை பெய்தால் கூரை ஒழுகும், பெய்யாவிட்டால் தொட்டி ஒழுகும். கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தினால் சொட்டும் கூடவே இந்தப் பக்கம் நகர்ந்து வரும். தரையில் அண்டா, குண்டான், சொம்பு என்று வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் பரப்பிக் கிடக்கும். சமைப்பதற்குத்தான் பாத்திரம் பற்றாது.

அவர் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பாத்திரங்களுக்கு நடுவே கால் வைத்து நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் குடைக்காரர் ஓடிப் போய் ஒரு பாத்திரத்தை ஓரமாக நகர்த்துவார்.

"குழந்தையை எங்கங்க படுக்க வைக்கிறது?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"அந்த மூலை சொட்டாது இல்ல?"

"போன மழையில சொட்டுச்சு. நீங்கதான் பார்த்துட்டு சிவப்புன்னு சொன்னீங்க."

அவர் சொன்னது உண்மைதான்.

வாரியத்தின் பின்புறம் பணியாளர் குடியிருப்பு இருந்தது. அதில் ஒரு வீடு காலியாகவே கிடந்தது. குடைக்காரர் போய்க் கேட்டார். வீடுகளைப் பார்த்துக்கொண்டது செருப்புச் சோதனைப் பிரிவின் தலைவி. முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் செருப்பு மேடம். ஆயுசு முழுக்கச் செருப்பைச் சோதித்துச் சோதித்து, யாரோடு பேசினாலும் காலைப் பார்த்துத்தான் பேசுவார்.

"வீடு நிரந்தரமானவங்களுக்குத்தான்," என்றார் மேடம், குடைக்காரரின் காலிடம். "தற்காலிகக்காரங்க கேக்கணும்னா சிவப்புச் சீட்டு விழுந்த வீடா இருக்கணும். ஒழுகுற வீட்டை நிரந்தரப் பணியாளருக்குக் கொடுத்தா வாரியத்துக்குக் கௌரவக் குறைச்சல். ஆனா நம்ம வீடுங்க எதுவுமே ஒழுகாதே. உங்களுக்கு அதுதான் சிக்கல்."

"நான் நிரந்தரமாயிட்டா மேடம்?"

"அப்ப அந்த வீடு உங்களுக்குத்தான். இந்த வருஷப் பட்டியல்ல உங்க பேருதான் இருக்கு. நல்ல வேஷமாப் பார்த்து எடுத்துட்டு வாங்க."

குடைக்காரர் அன்று வீட்டுக்குக் காற்றில் நடந்து போனார்.

மனைவியின் அண்ணன் வேஷச் சாமான் வாடகைக் கடை வைத்திருந்தார். கல்யாணம், நாடகம், பள்ளி ஆண்டு விழா எதற்கும் அவர் கடையிலிருந்துதான் கிரீடம் போகும். "இவ்வளவுதானே மாப்ள," என்று சிரித்தார் மச்சான். "கடையில இருக்கிறதுலயே பெருசை எடுத்துக்குங்க." எடுத்துக் கொடுத்தது சிங்கம். பிடரி மட்டும் ஒரு ஆள் சுமை.

வேஷங்களைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்க ஒரு வேஷக் குழு இருந்தது. அதன் தலைவர் பூட்டுச் சோதனைப் பிரிவின் அதிகாரி. எதையும் முதல் தடவை நம்பமாட்டார், இரண்டு தரம் இழுத்துப் பார்த்துத்தான் நம்புவார். அவரைப் பூட்டு சார் என்பார்கள். இரண்டாவது உறுப்பினர் செருப்பு மேடம். மூன்றாவது உறுப்பினர் ஒரு காலி நாற்காலி. அந்தப் பதவிக்கு வாரியம் இன்னும் ஆள் போடவில்லை. ஆனாலும் பூட்டு சார் ஒவ்வொரு முடிவுக்கும் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு, "ஆட்சேபம் இல்லை," என்பார்.

குடைக்காரர் சிங்கமாக உள்ளே போனார். பிடரிக்குள் வேர்த்துக் கொட்டியது.

"நீங்க நிரந்தரமா, தற்காலிகமா?" என்று கேட்டார் பூட்டு சார்.

"தற்காலிகம் சார்."

"தற்காலிகப் பணியாளர் மாமிசம் திங்கிற மிருகமா வர்றதுக்கு விதியில இடம் இருக்கா மேடம்?"

"புல் திங்கிறது வரைக்கும்தான் சார்," என்றார் மேடம், சிங்கத்தின் பாதத்தைப் பார்த்து. "அதுவும் கொம்பு இருக்கக் கூடாது."

"இருந்தாலும் சோதனை நியாயமா நடக்கணும்," என்று எழுந்து வந்தார் பூட்டு சார். சிங்கத்தின் வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். தாங்கியது. இரண்டாவது இழுப்பில் வால் அவர் கையோடு வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நாற்காலியின் பக்கம் திரும்பினார். நாற்காலிக்கும் ஆட்சேபம் இல்லை. சிங்கத்தின் காதில் சிவப்புச் சீட்டைக் கட்டினார்கள்.

"புல்தானே திங்கணும்?" என்றார் மச்சான், அறுந்த வாலைப் பார்த்து முகம் கடுத்தபடி. "இந்தாங்க, கழுதை. கொம்பும் இல்ல."

கழுதையைச் செருப்பு மேடம் சுற்றி வந்து பார்த்தார். குளம்பு அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "கழுதைன்னா பாரம் சுமக்கும். நம்ம வாரியத்துல வேலை ஜாஸ்தின்னு சொல்ல வர்றீங்களா?"

குடைக்காரர் குளம்பை ஆட்டி மறுத்தார். "ஐயையோ, இல்ல மேடம்."

"அப்ப கம்மின்னு சொல்ல வர்றீங்களா? வேலை கம்மின்னா ஆளைக் குறைக்கணுமே. யாரைக் குறைக்கலாம்?"

கழுதை சிவப்புச் சீட்டோடு வெளியே வந்தது.

மூன்றாவதாக ராஜா. ஜரிகை அங்கி, அட்டைக் கிரீடம், உறையில் ஒட்டிக்கொண்டு வெளியே வராத வாள். இந்தத் தடவை பூட்டு சாருக்கே மரியாதையாகக் குரல் இறங்கியது. ஆனால் யோசித்துப் பார்த்ததில் சிக்கல் புலப்பட்டது.

"ராஜாங்கிறது நிரந்தரப் பதவி ஆச்சே. சாகிற வரைக்கும். நீங்க இன்னும் நிரந்தரம் ஆகலையே."

"அது ஆகத்தான் சார் இந்த வேஷமே."

"ஆனதுக்கப்புறம் ராஜாவா வாங்க. யாரு வேண்டாம்னாங்க? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. நானே இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு முன்னாடி பல வருஷம் ஆட்டுக்குட்டியா வந்திருக்கேன். ஒரு தடவை இயக்குநர் என் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். அந்தத் தடவல்லதான் பதவி உயர்வு வந்துச்சு. திறமை இருந்தா எப்படியும் முன்னுக்கு வரலாம்."

கொண்டாட்டத்துக்கு முந்தின நாள் வந்துவிட்டது. மச்சானின் கடையில் எஞ்சியிருந்தது மரம் ஒன்றுதான். குழாய் போல ஒரு அட்டை அடிமரம், மேலே பச்சைக் காகித இலைகள். பள்ளிப் பிள்ளைகள் போட்டது, முழங்கால் வரைக்கும்தான் வந்தது. "இதுவும் போச்சுன்னா என்கிட்ட ஒண்ணும் இல்ல மாப்ள," என்றார் மச்சான். அவர் குரலில் இப்போது சிரிப்பில்லை. வீட்டில் குடைக்காரரின் மனைவி காகித இலைகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

மரத்தைப் பார்த்ததும் பூட்டு சாரின் முகம் மலர்ந்தது. "இதுதான் தேர்வு. நிக்கும், பேசாது. இந்த உணர்வு முதல்லயே வந்திருக்கணும் உங்களுக்கு." நாற்காலியின் பக்கம் திரும்பப் போனவரை மேடத்தின் குரல் நிறுத்தியது.

"மரம்னா வெளியில மழையில நிக்கிற சாமான் சார். தண்ணீர்ச் சோதனை வேணுமே."

"ஆமா, வேணும். தண்ணீர்ச் சோதனை யார் செய்வாங்க?"

மூன்று நாற்காலிகளும் குடைக்காரரைப் பார்த்தன.

இப்படி ஒரு சங்கடம் யாருக்கும் வரக் கூடாது. தன் மரத்தைத் தானே தொட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார் குடைக்காரர். பூட்டு சார் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழாயின் திருகில் கை வைத்தார். லேசாகத் திறந்தால் போதும், இலைகள் தப்பிக்கும். பச்சைச் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த வீடும், கட்டிலும், சொட்டாத மூலையும் கண்ணுக்குள் வந்து நின்றன. லேசாகத் திறந்தார். காகித இலைகளில் தூறல் பட்டுச் சலசலத்தது.

"முழுசா," என்றார் பூட்டு சார்.

முழுசாகத் திறந்தார். இலைகள் கூழாகி வழிந்தன. அடிமரம் ஊறி, முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு உட்கார்ந்துவிட்டது. தண்ணீர்ப் பிரிவின் முடிவை அந்தப் பிரிவுதான் சொல்ல வேண்டும், அது விதி. குடைக்காரர் சிவப்புச் சீட்டை எடுத்தார். கட்டுவதற்கு மரத்தில் இடம் இல்லை, அதனால் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் நின்ற நிலையைப் பார்த்துப் பூட்டு சாருக்கே மனசு இளகியதோ என்னவோ, குழு மறுபடி கூடியது. எல்லா வேஷத்திலும் ஏதோ ஒரு ஆட்சேபம் இருக்கிறது. யாருக்கும் எந்த ஆட்சேபமும் எழ முடியாத வேஷம் எது? வெகுநேரம் யோசித்து மேடம்தான் கண்டுபிடித்தார்.

"இவர் இவராவே வரட்டுமே சார். குடைச் சோதனைப் பணியாளர் வேஷம்."

"அருமை," என்றார் பூட்டு சார். "ஆனா சொந்த உடுப்பை வேஷம்னு ஏத்துக்க முடியாது. விதி அப்படி. அதே மாதிரி வேற சட்டை வேணும். அதே நிறம், அதே கறை, அதே கிழிசல். சொந்தமா மட்டும் இருக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் அவர் மனைவி தையல் மெஷினை அப்போதைக்கு ஈரம் படாத மூலைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வயிறு இடித்ததால் மெஷினிலிருந்து எட்டி உட்கார்ந்து, கையை நீட்டித் தைத்தாள். மச்சான் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புதுச் சட்டையைத் தைத்து முடித்து, அதைப் பழசாக்க அவள் பட்ட பாடுதான் பெரிய பாடு. துவைக்கிற கல்லில் அடித்தாள். காலரில் தேயிலைத் தண்ணீரைத் தடவினாள். முழங்கையில் கிழித்து, கிழித்த இடத்தை ஒட்டுப்போட்டாள்.

"அந்த ஒட்டு இடது கையிலங்க, வலது கையிலயா?"

"தெரியலையே."

"சட்டை உங்களோடதுதானே?"

"போட்டுக்கிட்டு இருக்கிறப்ப எனக்குத் தெரியாது. நீதான் பார்த்திருப்ப."

அவள் அவர் மேலிருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. "இடது," என்றாள். மறுநாள் காலை வேஷக் குழு இரண்டு சட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பச்சைச் சீட்டைக் கட்டியது. பச்சை. குடைக்காரர் அதை வெளியே நின்று பலமுறை தொட்டுப் பார்த்தார்.

கொண்டாட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயக்குநரும் வேஷம் கட்டி, முகமூடி போட்டு, பணியாளர்களுக்கு நடுவே ஒருவராக நின்றுகொண்டிருப்பார். அவராக முகமூடியைக் கழற்றுகிற வரைக்கும் யாரும் அவரை அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது. ஒரு வருஷம் ஒரு கணக்கர் ஆர்வக் கோளாறில் ஒரு சேவலைப் பார்த்து, "சேவல் பிரமாதம் சார்," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் கிடங்கில் உடைந்த பூட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணி முடித்தால் மறுபடி எண்ணச் சொல்கிறார்கள்.

குடைக்காரர் கையில் குடையோடும் கண்ணை மறைக்கிற முகமூடியோடும் கூடத்துக்குள் நுழைந்தார். வழக்கம்போல நனைந்துதான் வந்திருந்தார், அன்று பகலிலும் குடைகள் இருந்தன. ஆடு, பன்றி, மாலுமி, கோமாளி என்று கூட்டம் நெருக்கியது. மேளம் காதைப் பிளந்தது. மேடைக்குப் போகிற வழியைப் பார்த்து ஓர் ஓரமாக நின்றார்.

எதிர் ஓரத்தில் இன்னொரு குடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அதே நிறச் சட்டை. அதே போலக் குடை. முகமூடி. பக்கத்தில் ஒருவன் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியை வைத்துக்கொண்டு, சட்டை காயக் காய அளவாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். இன்னொருவன் பின்னால் மெத்தை வைத்த நாற்காலியோடு நகர்ந்து கொண்டேயிருந்தான். குனிந்து பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது அந்தக் குடைக்காரரின் ஷூ. அவர் இருக்கிற பக்கம் வருகிற எல்லாரும் ஷூ கண்ணில் பட்டுவிடாமலிருக்கக் கூரையைப் பார்த்தபடியே கடந்து போனார்கள்.

குடைக்காரருக்கு அது யாரென்று புரிந்துவிட்டது. புரியாதது போல இருக்க வேண்டும் என்பதும் புரிந்துவிட்டது.

மேளம் நின்றது. பூட்டு சார் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். ஆட்டுக்குட்டி வேஷத்திலிருந்து முன்னேறி இப்போது காளை. "இந்த வருஷம் நிரந்தரமாகிற பணியாளர், தண்ணீர்ப் பிரிவுக் குடைக்காரர். மேடைக்கு வரவும்."

இரண்டு குடைக்காரர்களும் இரண்டு பக்கப் படிகளில் ஏறினார்கள்.

காளையின் கொம்பு நடுங்கியது. ஒருவர் இயக்குநர் என்று சொன்னால் அடையாளம் கண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் உத்தரவை யாரிடம் கொடுப்பது? பூட்டு சார் கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தார். "சோதிச்சுப் பார்த்துடலாம்."

இருவரையும் குடையை விரிக்கச் சொல்லி, பூவாளியில் தண்ணீர் கொண்டுவந்து இருவர் தலைமேலும் ஊற்றினார்கள். குடைக்காரர் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். மற்றவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

"இவர் எதுக்கு மேல பார்க்கிறார்?" என்றார் செருப்பு மேடம். ஷூவைப் பார்க்கக் கூடாது என்பதால் ஆயுசில் முதல் தடவையாக மனுஷர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், அது அவருக்கே சிரமமாக இருந்தது. "நம்ம பணியாளர்னா அதிகாரியைத்தானே பார்ப்பாரு?"

"ஒழுகுதா?" என்று கேட்டார் பூட்டு சார்.

"ஒழுகுது சார்," என்றார் குடைக்காரர். நிஜமாகவே கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

"ஒழுகுதான்னு நீங்கதான் சார் சொல்லணும்," என்றது இன்னொரு முகமூடி. வருஷக்கணக்காக எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்ட குரல். கூடமே கை தட்டியது.

பூட்டு சார் குடைக்காரரின் சட்டையைத் தொட்டு, பிழிந்து பார்த்தார். "இவரோட வேஷம் கொஞ்சம் மிகையா இருக்கு. இவ்வளவு ஈரமா ஒரு பணியாளர் இருக்க முடியுமா? நம்புற மாதிரி இல்ல."

"சார்," என்றார் குடைக்காரர். வாய் தானாகத் திறந்துவிட்டது. "சார், அது வந்து..."

"அது யாரு?" என்று இன்னொரு முகமூடியைக் காட்டிக் கேட்டார் பூட்டு சார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. கிடங்கும், எண்ணி முடியாத பூட்டுகளும் குடைக்காரரின் கண்முன் வந்தன. அந்தப் பக்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மெஷினில் எட்டி உட்கார்ந்து தைத்தவள் தெரிந்தாள். உத்தரவு போனாலும் வேலையாவது மிஞ்சட்டும் என்று மனசு கணக்குப் போட்டது.

"அது குடைக்காரர் சார்," என்றார்.

காளை பெருமூச்சு விட்டது. மேடைக்கும் கொண்டுவந்து போட்டிருந்த மூன்றாவது நாற்காலியிடம் கேட்டது. ஆட்சேபம் இல்லை. உத்தரவும் வீட்டுச் சாவியும் பளபளத்த ஷூக்காரரின் கைக்குப் போயின. அவர் முகமூடியைக் கழற்றினார். கூடம் விதிப்படி திடுக்கிட்டது. ஒரு பன்றி மயங்கிக்கூட விழுந்தது. அதற்கும் பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

இயக்குநர் பேசினார். "நண்பர்களே, இன்னிக்கு ஒரு சாதாரணப் பணியாளரா உங்களோட நின்னேன். அவங்க கஷ்டத்தை முழுசாப் புரிஞ்சுக்கிட்டேன். ஈரச் சட்டை உடம்புல ஒட்டுறப்ப ஒரு குளிர் வருது பாருங்க, சொன்னாப் புரியாது. அதனால உடனே ஒரு முடிவெடுத்திருக்கேன். அடுத்த வருஷத்துல இருந்து என் வேஷத்துக்குத் தண்ணியை வெந்நீராக் கொண்டு வரணும். அப்புறம், இந்த உத்தரவை நான் பத்திரமா வச்சுக்கப் போறேன். என் சொந்த உழைப்புல கிடைச்ச முதல் உத்தரவு இது. மத்ததெல்லாம் எங்க மாமா வாங்கிக் கொடுத்தது." பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

கூட்டம் கலைந்ததும் குடைக்காரர் பூட்டு சாரைத் தேடிப் பிடித்தார். "சார், என் உத்தரவு?"

"உங்க பிரிவுல நிரந்தர இடம் நிரம்பிடுச்சு. கொடுத்த உத்தரவைத் திரும்ப வாங்க விதி இல்லை. ஆனா அவருக்கு வேற பணி இருக்கு, ஷவருக்கு அடியில வந்து நிக்க மாட்டார். அவருக்குப் பதிலா நீங்க தற்காலிகமா நின்னுக்குங்க."

"எங்க சார் நிக்கிறது?"

"நின்னுக்கிட்டிருந்த இடத்துலயேதான்."

வேஷச் சட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பச்சைச் சீட்டு வாங்கிய வேஷம் வாரியத்தின் சொத்தாம். தன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு குடைக்காரர் வீட்டுக்கு வந்தார், நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்தது, அழுதார். மனைவி அவரைத் தேற்றவில்லை. நிரம்பியிருந்த சொம்பை எடுத்து வெளியே கொட்டிவிட்டு, அதே இடத்தில் வைத்தாள்.

"குடைக்காரர் யாருன்னு கேட்டதுக்கு அவரைக் காட்டினீங்களா?" என்றாள் பிறகு.

"ஆமா."

"சரி, சாப்பிடுங்க," என்றாள். அந்தச் "சரி" அவரை இரவெல்லாம் குத்தியது.

சில நாள் கழித்துப் பூட்டு சார் தொட்டிக்கே வந்தார். இயக்குநருக்கு ஒதுக்கிய குடியிருப்பு வீட்டில் இயக்குநர் எப்படி இருப்பார்? அவருக்கு மாளிகை இருக்கிறது. அதனால் அவர் இதுவரை கட்டிய வேஷங்களை அந்த வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். "வேஷங்க நனையக் கூடாது. ஒரு தண்ணீர்ச் சோதனை பண்ணிச் சீட்டுக் கட்டிடுங்க."

குடைக்காரர் மொட்டை மாடியில் ஏறி ஹோஸ் பைப்பை முழுசாகத் திறந்துவிட்டார். இறங்கி வீட்டுக்குள் போனார். சுவர் ஓரமெல்லாம் கம்பி கட்டி வேஷங்கள் தொங்கின. சேவல், மாலுமி, புலி. கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சட்டைகள். ஒன்றின் காலரில் தேயிலைக் கறை, இடது முழங்கையில் ஒட்டு. அவள் எட்டி உட்கார்ந்து தைத்த சட்டை. இத்தனை வருஷத்தில் அந்த மாதிரிச் சட்டை ஒன்று முழுசாகக் காய்ந்து அவர் பார்த்ததில்லை.

சட்டைக்கு வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணாந்து பார்த்தார். மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. கூரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பச்சைச் சீட்டை எடுத்தார், அது பழக்கம். கையில் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு பச்சையைப் பைக்குள் போட்டுவிட்டு, வெளியே வந்து, கதவுப் பிடியில் சிவப்புச் சீட்டைக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. இன்னொரு தரம் கட்டினார்.

"சிவப்பா?" என்றார் பூட்டு சார்.

"ஆமா சார். ஒழுகுது."

பூட்டு சார் முதல் தடவை நம்புகிறவர் இல்லை. உள்ளே போய்க் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "எங்க ஒழுகுது?"

குடைக்காரர் காலையிலிருந்து ஷவரில் நனைந்திருந்த தன் தோளைக் காட்டினார்.

பூட்டு சார் அவர் மேலிருந்த சட்டையைத் தொட்டார். பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. இன்னொரு தடவை பிழிந்து பார்த்தார்.

"அடடா, இவ்வளவா?" என்றார் பூட்டு சார். "கொஞ்ச நேரம் நின்னதுக்கே இப்படின்னா வேஷங்க என்னத்துக்கு ஆகும்?"

அன்றே வேஷங்கள் இயக்குநரின் மாளிகைக்குப் போயின. நிரந்தரப் பணியாளர் யாருக்கும் தர முடியாத வீடு ஆகிவிட்டது அது. குடைக்காரர் செருப்பு மேடத்திடம் போய், தற்காலிகக்காரர் என்ற முறையில் அந்த ஒழுகுகிற வீட்டைக் கேட்டார். மேடம் அவர் காலை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா யோசிச்சீங்களா? குழந்தை வேற வரப்போகுது. அப்புறம் வந்து ஒழுகுதுன்னு புகார் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் மேடம்."

கூடவே உட்கார்ந்திருந்த பூட்டு சார் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார். நாற்காலி வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது. ஆட்சேபம் இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு சாயங்காலம் வானம் கொட்டித் தீர்த்தது. குடியிருப்புத் தெருவில் பூட்டு சார் குடையோடு போவது ஜன்னல் வழியே தெரிந்தது. குடைக்காரர் பதறி எழுந்தார். மனைவி அவரைக் கையமர்த்திவிட்டு, குழந்தையை அவரிடம் கொடுத்தாள். பழைய அண்டா, குண்டான், சொம்பு மூன்றையும் எடுத்து, குழாயில் பாதி பாதி தண்ணீர் பிடித்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்துத் தரையில் பரப்பினாள். நாலு சொட்டைத் தரையிலும் தெளித்தாள். பூட்டு சார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், பாத்திரங்களைப் பார்த்தார், கதவில் ஆடுகிற சிவப்புச் சீட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்.

குடைக்காரர் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். குழந்தையும் அவரைப் போலவே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வேஷம் கட்டியாச்சுங்க," என்றாள் மனைவி. "வந்து படுங்க."